வகிடு எந்தப் பக்கம் என்று கேட்ட தம்பிக்கு

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த வாரம் என்ன நடந்தது என்பது இதைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். பாதிப் பேர் ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களோடு விழித்துக் கிடந்தவர்கள். அதைத் திரும்பச் சொல்லத் தெம்பில்லை.

கரண்ட் போன ராத்திரி தங்கள் இன்வெர்ட்டர் பேட்டரியைக் கழற்றித் தூக்கிவந்த எதிர்வீட்டு அண்ணன், மதினி. "அப்புறம் பாத்துக்கலாம்க்கா" என்று வென்டிலேட்டர் வாடகையைத் தள்ளிக்கொண்டே போகிறவர். டியூட்டி முடிந்த பிறகும் நின்று அம்மாவுக்குச் சளி உறிஞ்சக் கற்றுக்கொடுத்த சிஸ்டர். அப்பாவோடு கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்த மாமாக்கள். எல்லாருக்கும் நன்றி. தனித்தனியாக எழுத ஆரம்பித்தால் தீராது.

ஆனால் மூளை அலைகளைப் பதிவு செய்கிற இ.இ.ஜி. டெஸ்ட் எடுக்க வந்த தம்பியைப் பற்றித் தனியாக எழுதியே ஆக வேண்டும்.

அப்பாவுக்கு மோட்டார் நியூரான் நோய், தசைகளை அசைக்கிற நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். கண் தசையைக் கடைசியில்தான் தொடும். அதனால்தான் கை போய், பேச்சு போய், மூச்சுக்கு மிஷின் வந்த பிறகும் அப்பா எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். மெய்யெழுத்து வரிசையை நாங்கள் சொல்லிக்கொண்டே போவோம். வேண்டிய எழுத்து வந்ததும் கண்ணை மேலே தூக்குவார். பிறகு உயிரெழுத்து வரிசை. 'ஃபேனைக் குறை' என்று சொல்லி முடிப்பதற்குள் கரண்டே போய்விடும். அந்தத் தூக்கலும் சிறுத்துக்கொண்டே வந்து நின்றுபோனது. "இன்னும் நெனவு இருக்கா?" என்று சொந்தக்காரர்கள் அவர் தலைமாட்டிலேயே நின்று கேட்டார்கள்.

(நெட்டில் தேடுகிறவர்களுக்கு: 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்று ஒன்று வரும். 1970இல் சென்னை மருத்துவர்கள் விவரித்தது. மெதுவாக நகரும், பலருக்குக் காது கேளாமலும் போகும். அப்பாவுக்கு வந்தது அதுவல்ல. அவர் காதில் ஒரு கோளாறும் இல்லை.)

அந்தத் தம்பி எங்களைப் பார்க்கவே இல்லை. நேரே அப்பாவிடம் போய்த் தன் பெயரைச் சொன்னார். "ஐயா, டேப் வச்சு தலைய அளக்கப் போறேன். பென்சில்ல புள்ளி வைப்பேன். கொஞ்சம் சொரசொரன்னு தேய்ப்பேன், பொறுத்துக்கங்க." ஒவ்வொரு வயருக்கும் இப்படித்தான். விழித்திருப்பவர் கண்ணை மூடினால் பின்மண்டையில் நொடிக்கு 8 முதல் 13 வரை ஓடும் ஆல்ஃபா அலை எழும்; அதைப் பார்க்கக் கண்ணை மூடச் சொல்வார்கள். அப்பாவால் மூட முடியாது. "நான் மூடி விடுறேன்யா" என்று சொல்லிவிட்டு இமைகளை விரலால் இறக்கிப் பிடித்துக்கொண்டார்.

டெஸ்ட் முடிந்தால் முடியெல்லாம் பசை. "வெந்நீர்ல அலசிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். கழுத்தில் குழாயோடு படுத்திருப்பவருக்கு எப்படி அலசுவது? அவரே பேசின் கேட்டார். குழாய்ப் பக்கம் துண்டைச் சுற்றிவிட்டு, பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்துப் பசையைக் கரைத்தார். துவட்டினார். அம்மாவிடம் எண்ணெய் வாங்கித் தடவினார். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, வகிடு எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டு நின்றார். பதில் வராது என்று எங்களைவிட அவருக்குத் தெரியும். இருந்தும் ஒருவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றார். அப்புறம்தான் அம்மா பக்கம் திரும்பினார். "இடது" என்று சொல்லும்போதே அம்மா உடைந்துவிட்டாள்.

ரிப்போர்ட்டில் அலைகள் மெதுவாகிவிட்டதாக வந்தது. பேச ஒரு வழியும் மிச்சமில்லாத ஏ.எல்.எஸ். (மோட்டார் நியூரான் நோயில் அதிகம் காணப்படும் வகை) நோயாளிகள் சிலரிடம் இதை ஆராய்ச்சியாளர்கள் முன்பே பார்த்திருக்கிறார்கள் என்றார் டாக்டர். ஏன் என்பதற்கு உறுதியான பதில் இல்லையாம். அலை மெதுவானது என்பதை வைத்து ஆள் உள்ளே இல்லை என்று சொல்லிவிட முடியாது என்றும் சொன்னார். 2022இல் வெளிவந்த ஒரு ஆய்வைக் காட்டினார். கண்கூட அசைக்க முடியாத 34 வயது ஜெர்மன்காரர். மூளையில் இரண்டு சிறு சில்லுகளைப் பதித்து, அவர் காதில் விழும் ஒலியை மூளையாலேயே ஏற்றி இறக்கப் பழக்கினார்கள். நிமிடத்துக்கு ஓர் எழுத்து என்கிற வேகத்தில் வாக்கியம் வந்தது. என்ன சொன்னார் தெரியுமா? என் கண்ணுக்கு ஜெல்லை அடிக்கடி போடுங்கள். அம்மா, தலையைப் பிடித்துவிடு.

அதைப் படித்ததும் எனக்கு அந்தத் தம்பியின் பேசின்தான் ஞாபகம் வந்தது. எந்த ஆய்வையும் படித்துவிட்டு அவர் அதைச் செய்திருக்க மாட்டார்.

அந்த மாதிரி சில்லு எங்கள் கைக்கு எட்டாது. கண் ஜெல் எட்டும், எண்ணெய் எட்டும். இனி எங்கள் வீட்டில் அப்பாவைக் கேட்காமல் ஃபேன்கூடப் போடுவதில்லை.

பார்க்க வருகிறவர்கள் ஆறு மணிக்கு மேல் வாருங்கள், சளி உறிஞ்சி முடித்திருப்போம். முதலில் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு அவரிடமே பேசுங்கள். வங்கி மாமாக்களே, கடன் வசூலுக்குப் போன கதைகளை எடுத்து விடுங்கள். ஆனால் தொகையைச் சரியாகச் சொல்லுங்கள். குறுக்கே புகுந்து திருத்த முடியாமல் மனுஷன் உள்ளே கொதித்துப்போவார்.