கிளை நூலக வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், நூலகர் அவர்களுக்கும், உறுப்பினர்கள், பெற்றோர்கள், பின்வரிசையில் இன்னும் பேச்சை நிறுத்தாத பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன. மழையால் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. உறுப்பினர்களின் நன்கொடையில் சிறுவர் பகுதிக்கு ஒரு மர அலமாரியும் கோரைப்பாய்களும் வாங்கினோம். கோடை விடுமுறையில் பிள்ளைகளை மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துப் போனோம். அங்கிருக்கும் சிறுவர் பிரிவிலிருந்து அவர்களைக் கிளப்பி பஸ் ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சனிக்கிழமை வாசிப்பைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த ஆண்டு மாயக்கதைகள் படிக்கலாம் என்றதும் செயற்குழுவில் எதிர்ப்பு வந்தது. "மந்திரம், பேய் என்று நாமே பிள்ளைகள் மண்டையில் ஏற்றலாமா?" என்று பகுத்தறிவாளரான நம் மூத்த உறுப்பினர் கேட்டார். "ஐயா, அம்புலிமாமாவில் வேதாளம் படித்துத்தானே நாமெல்லாம் வளர்ந்தோம்? அதற்காக யாராவது முருங்கை மரத்தைக் கண்டு ஓடுகிறோமா?" என்றார் துணைத்தலைவர். ஐயா சிரித்துவிட்டார். தீர்மானம் நிறைவேறியது.

ஹாரி பாட்டர் வரிசையின் மூன்றாம் நூலில் (1999) போகர்ட் என்றொரு பிராணி வருகிறது. எதிரே நிற்பவர் எதற்கு அதிகம் பயப்படுகிறாரோ அந்த உருவத்தை அது எடுக்கும். அதை வேடிக்கையான கோலத்தில் கற்பனை செய்து, மந்திரத்தைச் சொல்லிச் சிரித்தால் அதன் பலம் போய்விடும். நெவில் என்ற பையனுக்குத் தன் ஆசிரியரைக் கண்டாலே நடுக்கம். அவருக்கே பாட்டியின் உடுப்பையும் கழுகுத் தொப்பியையும் மாட்டிவிடுகிறான். இதை வாசித்ததும் பிள்ளைகளிடம் துண்டுத்தாள் கொடுத்து, 'உன் போகர்ட் எது?' என்று பெயர் போடாமல் எழுதச் சொன்னோம். தெருமுனை நாய், ஊசி, கரப்பான், கணக்குப் பரீட்சை என்று வந்தன. நாய்க்குக் குஞ்சலம் வைத்துப் பின்னல் போட்டார்கள். கணக்கு வினாத்தாள் அப்பளமாகிப் பொரிந்தது. நூலகர் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் அளவுக்குச் சிரிப்பு.

ஒரு தாளில் மட்டும், 'அப்பா ராத்திரி லாரி ஓட்டப் போனால் திரும்பி வராமல் இருந்துவிடுவாரோ என்று' என எழுதியிருந்தது. அதை உரக்கப் படிக்கவில்லை. அதற்கு யாரால் குஞ்சலம் கட்ட முடியும்? பொருளாளரின் துணைவியார்தான், ஐந்தாம் நூலில் (2003) வீஸ்லி குடும்பத்து அம்மா போகர்ட்டிடம் மாட்டிக்கொள்ளும் இடத்தை அடுத்த வாரம் எடுத்துவந்து வாசித்தார். பிள்ளைகளும் கணவரும் ஒவ்வொருவராகப் பிணமாகத் தெரிய, அந்த அம்மாவால் மந்திரத்தைச் சரியாகச் சொல்லக்கூட முடியவில்லை, அழுகிறார். வேறொருவர் வந்துதான் அதை விரட்டுகிறார். பெரியவர்களுக்கும் இப்படி ஆகும் என்று கதை ஒளிக்காமல் சொல்வது பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. வாசிப்பு முடிந்ததும் ஒரு சிறுமி தானாக எழுந்து, "அது என் தாள்தான்" என்றாள். பக்கத்தில் இருந்தவள் ஒன்றும் பேசாமல் பாயில் நகர்ந்து ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

இதற்குப் பிறகு அர்சுலா லெ குயின் 1968இல் எழுதிய எர்த்ஸீ நாவலை எடுத்ததில் ஒரு பொருத்தம் இருந்தது. அதைத் துணைத்தலைவர் வாரம் ஒரு பகுதியாகத் தமிழில் சொன்னார். கெட் என்ற பையன் தன் திறமையைக் காட்டப்போய் ஒரு நிழலை அவிழ்த்துவிடுகிறான். அது துரத்துகிறது, ஓடுகிறான். திரும்பி நின்று நீ அதைத் துரத்து என்கிறார் குரு. கடைசிப் பயணத்தில் நண்பன் வெட்ச் படகில் கூடவே வருகிறான். கெட் நிழலைத் தன் பெயராலேயே அழைக்கிறான். என்னைக் கேட்டால், தைரியம் பற்றிய கதைகளில் இதற்குத்தான் முதலிடம். விக்கிரமாதித்தனுக்குத்தான் பயமே கிடையாதே! ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இதையே வேறு மாதிரி கேட்டான்: "ராஜாவுக்குப் பயமில்லை, அப்புறம் அதில் என்ன சார் தைரியம்?"

பயம் போய்விட்டதா என்று சில பெற்றோர் விசாரிக்கிறார்கள். போகவில்லை. லாரிக்காரர் மகள் இன்னும் விழித்துத்தான் இருக்கிறாள். ஆனால் இப்போது அம்மாவிடம் சொல்லிவிட்டு விழித்திருக்கிறாள். அதுவரை அம்மாவுக்கே தெரியாதாம். திக்குவாய்க்காகப் பேசவே கூசிய பையன், பொங்கல் விழாவில் வேதாளத்தின் குரலில் வாசித்தான். திக்கியபடியேதான் வாசித்தான், முழுவதும் வாசித்தான்.

நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தின் இருட்டும் பல தாள்களில் வந்திருந்தது. "இதற்கு மந்திரம் எதற்கு? பல்பு போதும்" என்றார் மூத்த உறுப்பினர். பிள்ளைகளே மனு எழுதினார்கள், அவரே கூடப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது விளக்கு எரிகிறது.

அடுத்த ஆண்டு பிள்ளைகளின் சொந்த மாயக்கதைகளைக் கையெழுத்துப் பத்திரிகையாகக் கொண்டுவர உத்தேசம். படம் வரையத் தெரிந்தவர்கள் இன்றே பெயர் கொடுக்கலாம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் வெளியேறும் முன் பொருளாளரைப் பார்க்கவும். அவர் இப்போது வரவுசெலவுக் கணக்கை வாசிப்பார்.