கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஊருக்கு வா

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லாரும் சுகம். அங்கே நீயும் பிள்ளைகளும் எப்படி? சித்தியின் முழங்கால் வலி குறைந்ததா? பொங்கலுக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை, மன்னித்துக்கொள். இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் "பார்க்கலாம்டா" என்று வைத்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதனால்தான் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பேர் வந்து, கடைகளுக்கு முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் நம் ஐந்தடி நடைபாதையை டேப் வைத்து அளந்தார்கள். ஒரு மேம்பாட்டு நிறுவனத்தின் ஆட்களாம். நம் வரிசையின் 11 கடைவீடுகளையும் மொத்தமாக வாங்கி, இடித்துவிட்டு, எட்டு மாடி எழுப்பப் போகிறார்கள். கீழே கடைகள், மேலே வீடுகள். ஏழு பேர் சரி சொல்லிவிட்டார்கள். அடுத்து உன்னிடம் வருவார்கள். உன் அப்பா கடை நட்டநடுவில் இருப்பதால் உனக்கு நல்ல விலையே சொல்வார்கள்.

உன் கடைக்கும் என் கடைக்கும் ஒரே சுவர் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பக்கத்து உத்திரங்களும் அந்த ஒரு சுவரில்தான் உட்கார்ந்திருக்கின்றன. நீ விற்று, நான் விற்காமல் போனாலும், உன் பக்கம் இடிக்கும்போது என் கூரை தாங்குமா? இந்த வரிசையில் யாருமே தனி ஆள் இல்லை.

நம் கடை வரிசையின் நெற்றியில் 1926 என்று போட்டிருக்கிறதே, அந்த வருஷத்தைப் பற்றி இப்போதுதான் யோசித்தேன். 1922இல் வெள்ளைக்கார அரசாங்கத்தின் ஸ்டீவன்சன் திட்டம் வந்து ரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்தியது. அதனால் விலை ஏறி 1925இல் உச்சத்துக்குப் போனது. அந்த ஏற்றத்தில் எழுந்த வரிசை இது. நம் தாத்தாக்கள் விடியுமுன், தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று, ரப்பர் பால்மரம் வெட்டிச் சேர்த்த காசுதான் இந்தச் செங்கல். சம்பள நாள் சாயங்காலம் தோட்டத்து லாரி வந்து நின்றால் ஐந்தடியில் கால் வைக்க இடம் இருக்காது. உன் அப்பா கடன் கணக்கு எழுதிய 555 நோட்டை விரித்து ஒவ்வொரு பெயராக அடிப்பார். அடிக்காமல் விட்ட பெயர்கள் எத்தனை என்று உன் அம்மாவுக்குத்தான் தெரியும். தோட்டத்தில் நம் ஆட்கள் குடியிருந்த லயங்களை இடித்து, செம்பனை நட்டு, ஆட்களும் சிதறிப்போனார்கள். நாம் இருந்தோம் என்று காட்ட இந்த ஒரு தெருதான் மிச்சம்.

அதற்காக எதையும் தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓடு ஒழுகுகிறது, மேல்மாடிப் பலகை உளுத்துவிட்டது. பத்து வருஷத்துக்கு முன் ஒரு குத்தகைக்காரர் பேச்சைக் கேட்டுச் சுவருக்கு சிமெண்ட் பூசினேன். பழைய செங்கல் சுண்ணாம்புப் பூச்சு வழியாகத்தான் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை அடைத்துவிட்டது. உள்ளே ஈரம் தங்கி, உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிர்ந்தது. போன வருஷம் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடியும் சுண்ணாம்பு பூசினேன். இப்போது வந்து சுவரைத் தொட்டுப் பார், காய்ந்து கிடக்கிறது. செலவுதான், ஆனால் செய்ய முடிகிற செலவு.

நம் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் வேலை இல்லை, வாடகைக்கு நல்ல வீடும் இல்லை. என் மகள் கோலாலம்பூரிலேயே தங்கிவிட்டாள். ஆகவே எட்டு மாடி வரட்டும். பின்னால் பழைய மரப்பட்டறை நிலம் புல் மண்டிக் கிடக்கிறதே, அங்கே கட்டட்டும். கார் நிறுத்தவும் அங்கே இடம் இருக்கிறது. முன்வரிசை அப்படியே இருந்து, புது வீட்டுக்காரர்கள் ஐந்தடி வழியாக வந்து போகட்டும். நம் கடைகளுக்கும் அவர்களால் வியாபாரம் வரும்.

போன மாதம் பினாங்கு போயிருந்தேன். ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008இல் உலகப் பாரம்பரியத் தளமானது உனக்குத் தெரியும். சுவர்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் 1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000 பிறந்ததும் போய்விட்டது. வாடகை ஏறி, பழைய குடும்பங்கள் பல வெளியேறின. நாம் தீபாவளிக்குச் சட்டை தைத்த சந்து இப்போது ஹோட்டலாக இருக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்தது. உன் கடையில் பூக்கட்டும் அக்கா போய்விட்டால், வெறும் சுவரைக் காப்பாற்றி என்ன பிரயோஜனம்? பழுது பார்த்தாலும் அவருக்கு வாடகையை ஏற்றாதே. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறதே என்பாய். பழையது என்பதற்காகவே எந்தக் கட்டடமும் அந்தச் சட்டத்தின் மரபுடைமைப் பதிவேட்டில் ஏறிவிடாது. மரபுடைமை ஆணையர் அறிவிக்க வேண்டும், மாநில அரசும் சம்மதிக்க வேண்டும். அதற்குள் இயந்திரம் வந்துவிடும். 2013இல் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி என்ற பழங்கோயிலே அப்படித்தானே போனது? தனியார் நிலம், ஆயிரம் வருஷத்துக்கும் மேற்பட்ட பழமை என்று பேசப்பட்ட கோயில். இடித்த பிறகுதான் நாடே கத்தியது.

சேகர், மீதி நாலு பேரில் நீயும் நானும் இரண்டு பேர். கோப்பிக்கடை முதலாளி, நம் தவுக்கே, நீ என்ன சொல்கிறாய் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். நாம் மூவரும் சேர்ந்து பின்நிலத்து யோசனையைச் சொன்னால் அவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும், நடுவில் ஓட்டை விழுந்த வரிசையில் அவர்களால் எட்டு மாடி கட்ட முடியாது. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. அடுத்த மாதம் பள்ளி விடுமுறையில் வா, என் வீட்டிலேயே தங்கு. மூன்றாவது தூணில் உன் அப்பா ஆணியால் கீறிய உயரக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. என்னுடையதைவிட உன் கோடு ஒரு விரற்கடை கீழேதான், பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டு.

மேல்மாடிச் சாவியை மறக்காமல் எடுத்து வா. என்னிடம் இருப்பது பூட்டுக்குள் சுற்றவில்லை.

அன்புடன்,
மணியம்