ஈரத்துணி வேண்டாம் பாப்பா

அன்பு பாப்பாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். மூன்று வாரமாக உன் போன் இல்லை, வேலை இருக்கும். உன்னிடம் இருக்கும் அந்தப் பழைய அமெரிக்கக் கொடி அச்சுப்படத்தை இன்னும் துடைக்கவில்லையே? துடைக்காதே.

லென்ஸ் வைத்துப் பார். மணலைத் தூவினதுபோல ஒழுங்கில்லாத பொடிப்புள்ளி தெரிந்தால் கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து அச்சடித்தது. கோலப்புள்ளி மாதிரி வரிசை கட்டி நின்றால் பிற்காலத்து நகல். சிவப்பு, கோட்டைத் தாண்டிப் போயிருக்கிறது என்றாயே, அது குறையில்லை. இந்த மாதிரிப் படங்களைப் போட்ட அந்தக்கால நியூயார்க் அச்சகம் கரியர் அண்ட் ஐவ்ஸில் கல்லில் அச்சானது பெரும்பாலும் கறுப்பு மட்டும்தான். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு நிறமாகக் கையால் தீட்டினார்கள்.

நட்சத்திரம் 34 என்று நீயாகவே எண்ணிச் சொன்னாய். அம்மாவிடம் அதை நாலு தரம் சொல்லிவிட்டேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 ஏப்ரலில் தொடங்கிய சம்டர் கோட்டையில் பறந்த கொடியில் 33. கான்சாஸ் சேர்ந்ததால் 1861 ஜூலை 4 முதல் 34. மேற்கு வர்ஜீனியாவுக்காக 1863 ஜூலையில் 35. ஆனால் நட்சத்திரத்தை மட்டும் வைத்துப் படத்தின் வருஷத்தை முடிவு செய்யாதே, வரைகிறவர்கள் இடம் கிடைத்த அளவுக்கு நட்சத்திரம் போட்டுவிடுவார்கள். அடியில் பதிவு வருஷமும் நசாவ் தெரு 152 என்ற அந்த அச்சகத்தின் விலாசமும் இருக்கிறதா பார். 11 மாநிலம் பிரிந்து போன பிறகும் லிங்கன் கொடியிலிருந்து ஒரு நட்சத்திரத்தைக்கூட எடுக்கவிடவில்லை. போனவர்களும் நம்மவர்களே என்பதுதான் அந்த 34. படத்தை வாங்கி மாட்டிய வீட்டாருக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. படத்தில் கழி நுனியில் இருக்கும் தொப்பி, பழைய ரோமில் விடுதலையான அடிமை அணிந்தது, விடுதலையின் அடையாளம்.

சட்டம் போட்டால் கண்ணாடி தாளில் படக்கூடாது, நடுவே அமிலமில்லாத அட்டை வை. வெயில் படும் சுவர் வேண்டாம். தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

"அச்சு மை எண்ணெய்தானே, ஈரத்துணியால் துடை, ஒன்றும் ஆகாது" என்று அன்றைக்குப் போனில் சொன்னவன் நான்தான். மை அசையாது. மேலே இருப்பது கோந்தில் குழைத்த நீர்வண்ணம், ஈரம் பட்டால் கரைந்து வந்துவிடும். இத்தனை வருஷம் அச்சகத்தில் இருந்தும் அதை யோசிக்காமல் சொல்லிவிட்டேன். துடைத்து, சிவப்பு வெள்ளைக் கோட்டில் இறங்கியிருந்தால் அது என் தப்பு, உன்னுடையது இல்லை. மறுபடி தேய்க்காதே. தட்டையாக வைத்து நிழலில் காயவிட்டு, பழைய தாள் செப்பனிடுகிறவரிடம் காட்டு. செலவை நான் தருகிறேன்.

ஞாயிறு முழுக்க வீட்டில்தான் இருப்பேன், போன் பக்கத்திலேயே இருக்கும்.

அப்பா