ஆண்டறிக்கை 2024: ஓட்டப் பிரிவும் காற்பந்துப் பிரிவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

நமது ஓட்டப் பிரிவும் காற்பந்துப் பிரிவும் ஒரே வட்டார விளையாட்டரங்கத்தை நம்பியிருப்பதால், சென்ற ஆண்டுப் பணிகளில் பெரும்பகுதி அந்த இடத்தை இரு பிரிவினரும் மனத்தாங்கலின்றிப் பயன்படுத்த வழிகாண்பதிலேயே கழிந்தது. மற்ற நிகழ்ச்சிகள் வழக்கம்போல் நடந்தேறின. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

திடலின் மூலையிலிருந்து பந்தை உதைக்கும் கார்னர் அடிக்க வரும் இளையர்கள் ஓடுபாதையின் உட்புற முதல் தடத்தில் ஏறி நிற்கிறார்கள் என்பது மூத்த உறுப்பினர்களின் நெடுநாள் முறையீடு. இதை ஒழுங்கீனம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் உண்மைக் காரணம் அளவிலேயே இருக்கிறது. 400 மீட்டர் ஓடுபாதையின் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர் என்பது அனைத்துலக வழக்கம். அதற்குள் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட காற்பந்துத் திடலை அமைத்தால், பக்கவாட்டில் இரண்டரை மீட்டர் இடம் கிடைத்தாலும், நான்கு மூலைகளும் வளைவுக்குள் நீண்டு, ஓடுபாதையின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டரில் போய் நிற்கின்றன. பின்வாங்கி ஓடிவந்து பந்தை உதைக்க வேண்டியவர் வேறு எங்கே போவார்? எனினும் காற்பந்தாட்டக்காரரின் ஆணிக் காலணி ரப்பர் தளத்தைக் கீறுகிறது என்பதும், எல்லாரும் ஓட விரும்பும் முதல் தடமே முதலில் தேய்கிறது என்பதும் மறுக்க முடியாதவை.

இந்த இழுபறி பெரிய அரங்குகளுக்கும் உண்டு. 2014 ஜூன் 30 அன்று திறக்கப்பட்டுச் சென்ற ஆண்டு பத்தாண்டு நிறைவுற்ற, சிங்கப்பூரின் காலாங் தேசிய விளையாட்டரங்கத்தில், காற்பந்தின்போது கீழ்த்தட்டு இருக்கைகள் முன்னே நகர்ந்து ஓடுபாதையை மூடிக்கொள்கின்றன. திடல்தடப் போட்டிகளுக்கு அவை பின்வாங்கும்போது, 55,000 இருக்கைகள் ஏறக்குறைய 50,000 ஆகின்றன. ஓட்டக்காரர்களுக்கும் பந்தாட்டக்காரர்களுக்கும் போட்டியாகப் பாடகர்களும் வந்துவிட்டதையே 2024 காட்டியது. மார்ச் 9 வரை டெய்லர் சுவிஃப்ட்டின் ஆறு இரவுக் கச்சேரிகள் நடந்த அதே இடத்தில், மார்ச் 21 அன்று சீனாவுக்கு எதிரான உலகக் கிண்ணத் தகுதிச்சுற்று ஆட்டம் 2-2 எனச் சமநிலையில் முடிந்தது. நம் உறுப்பினர்கள் பலர் குடும்பத்துடன் சென்றிருந்தனர். டிசம்பர் 26 அன்று வியட்னாமுடனான ஆசியான் கிண்ண அரையிறுதி ஆட்டமோ, செயற்கைப் புல் விரித்த சிறிய ஜாலான் புசார் அரங்கில் நடந்தது. நாட்டின் அணிக்கே இந்த நிலை என்றால், நமக்கு மாலையில் ஒரு மணி நேரம் கிடைப்பது பெரிய காரியம்தான்.

ஆயினும் ஓட்டப் பிரிவைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பது செயலவையில் என் நிலைப்பாடு. 1973இல் பழைய தேசிய அரங்கில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளில் குளோரி பர்னபாஸ் 200 மீட்டரில் தங்கம் வென்றதைக் கூட்டத்தில் நின்று பார்த்த மூத்தவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். அதே ஓட்டத்தில் சிங்கப்பூர்ப் பெண் ஒருவர் மறுபடி தங்கம் வெல்ல 42 ஆண்டுகள் ஆயின: 2015இல், புதிய அரங்கில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில், சாந்தி பெரேரா 23.60 விநாடியில் ஓடி முடித்தார். காற்பந்துக்குச் சேரும் கூட்டம் தானாகச் சேர்ந்துவிடுகிறது. ஓடுபாதைக்குப் பிள்ளைகளை அழைத்துவர ஆள் வேண்டியிருக்கிறது.

இரு பிரிவினரும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு இதுதான்: காற்பந்துப் பயிற்சி நாள்களில் ஓட்டப் பிரிவினர் மூன்றாம் தடத்திலிருந்து வெளிப்புறமாக ஓடுவர்; கார்னர் பயிற்சி திடலின் ஒரு முனையில் மட்டும், ஓடுபாதையின்மேல் செயற்கைப் புல் விரிப்பைப் பரப்பிய பின்னரே நடைபெறும். விரிப்புக்கு வந்த விலைப்பட்டியலைப் பார்த்துப் பொருளாளர் முகம் சுளித்தார். முதல் தடத்தைக் கிழித்துவிட்டுப் பதில் சொல்வதைவிட அது மலிவு என்பதே என் கருத்து. விரிப்பு வாங்குவதற்கான தீர்மானத்தைப் பொதுக்கூட்டத்தின் ஒப்புதலுக்கு முன்மொழிகிறேன்.

செயலாளர்