மூங்கிலுக்கும் குரலுக்கும் பட்ட கடன்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

பிலிப்பைன்ஸ் மக்களின் பழைய வாய்மொழி இலக்கியம் பற்றி இரண்டு ஆண்டுகளாக எழுதிவந்த கட்டுரைகளில் கடைசியையும் போன வாரம் முடித்துவிட்டேன். கணவரின் வேலைக்காக மணிலாவுக்குக் குடிபோனவள் நான். போன புதிதில் காய்கறி விலை கேட்கவும் ஜீப்னி வண்டியை நிறுத்தச் சொல்லவும் மட்டுமே அங்கத்துத் தகாலோக் மொழி தெரியும். அப்படி வந்தவளை உட்காரவைத்துப் பாட்டும் கதையும் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் அடுத்த வேலையில் கைவைக்க மனம் வரவில்லை. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. தமிழ் தெரியாதவர்களுக்கு இதை நானே படித்து அர்த்தம் சொல்வேன்.

முதல் நன்றி மணிலாவில் எங்களுக்கு வீடு கொடுத்த ஆத்தேவுக்கு. தகாலோக்கில் ஆத்தே என்றால் அக்கா. ஸ்பெயின்காரர் லெகாஸ்பியின் கப்பல்கள் 1565இல் வந்த பிறகுதான் இந்தத் தீவுகளுக்கு எழுத்தே வந்தது என்று ஒரு விருந்தில் யாரோ சொன்னதை நான் நம்பி, அவரிடமும் போய்ச் சொன்னேன். ஆத்தே கோபப்படவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்து தேசிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய் ஒரு சின்னச் செப்பேட்டின் முன்னால் நிறுத்தினார். லகூனா ஏரியில் கலக்கும் ஆற்றில் மணல் அள்ளியபோது 1989இல் கிடைத்த ஏடு அது. 'ஸ்வஸ்தி' என்று தொடங்குகிறது. சக ஆண்டு 822, வைசாக மாதம், தேய்பிறைச் சதுர்த்தி, திங்கட்கிழமை. அதாவது கி.பி. 900, நம் ஊரில் முதலாம் ஆதித்த சோழன் ஆண்ட காலம். மொழி பழைய மலாய், எழுத்து காவி என்னும் பழைய ஜாவா எழுத்து. அந்தக் காவி எழுத்துக்குத் தாய் பல்லவர் காலத்து எழுத்து. நான் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவே இல்லை. கூட்டம் வந்தபோதும் என்னைத் தள்ளிப்போகச் சொல்லாத காவலருக்கும் நன்றி.

அந்த ஏடு சொல்லும் சேதி ஒரு கடன் தீர்ந்த சேதி. நம்வரன் என்பவர் பட்டிருந்த பொன் கடன், அக்கால எடையில் ஒரு கட்டியும் எட்டு சுவர்ணமும், முழுதாகத் தீர்ந்துவிட்டது. அவர் பிள்ளைகளிடம் இனி யாரும் கேட்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வீடு திரும்பும் வழியில் ஆத்தேதான் இன்னொரு கடனைப் பற்றிச் சொன்னார். 'ஊத்தாங் ந லோஓப்'. ஊத்தாங் என்றால் கடன், லோஓப் என்றால் உள். உள்ளத்துக்குள் இருக்கும் கடன். நம் 'நன்றிக்கடன்' என்ற சொல்லை அவருக்குச் சொன்னபோது நடுத்தெருவில் நின்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

செப்பேட்டை முதலில் படித்துச் சொன்னவர் அந்தோன் போஸ்ட்மா, டச்சு நாட்டிலிருந்து பாதிரியாராக வந்தவர். அவர் வாழ்நாளில் பெரும்பகுதியை மிண்டோரோ தீவில் மங்யான் மக்களோடு கழித்தவர், அவர்களுடைய அம்பாஹன் பாட்டுகளைத் திரட்டியவர் என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்தங்காஸிலிருந்து படகேறி கலபான் போனேன். அங்கே மங்யான் மரபு மையத்தின் நூலகத்தில் இருந்த தங்கைக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது! மூன்று நாள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, அடிக்கு ஏழு அசை என்று விரல் மடக்கி எண்ணக் கற்றுக்கொடுத்தாள். எல்லா அடியும் ஒரே ஒலியில் முடிய வேண்டும். பாட்டுக்குத் தலைப்பு கிடையாது, எழுதியவர் பெயரும் கிடையாது. விருந்தாளி பசி என்று நேராகச் சொல்லக் கூச்சப்பட்டால் ஓர் அம்பாஹன் சொல்வார்; காதலைச் சொல்ல, பிள்ளையைத் திருத்த, இறந்தவரை வழியனுப்ப என்று எல்லாவற்றுக்கும் பாட்டு உண்டு.

அப்புறம் மன்சலாய் பக்கத்து மலையில், வெற்றிலை மென்றபடி கத்தி முனையால் மூங்கிலில் எழுதிக் காட்டிய பெரியவர். மங்யான்களில் ஒரு பிரிவினரான ஹனுநூ மக்களின் எழுத்தில் ஒவ்வொன்றும் அகரம் ஏறிய எழுத்து. கூடவே ஒரு கீறல் போட்டால் இகரம், இன்னொரு பக்கம் போட்டால் உகரம். உடலை விட்டு வெளிப்பக்கமாக, கீழிருந்து மேலே கீறிக்கொண்டு போவார்கள். சொல்லின் நடுவிலோ கடைசியிலோ வரும் மெய்யொலியைப் பழைய வழக்கத்தில் எழுதுவதே இல்லை. நம் ஓலைச்சுவடிகளில் புள்ளி இருக்காது. இங்கே அந்த எழுத்தே இருக்காது. பாட்டை ஏற்கெனவே கேட்டவருக்குத்தான் மூங்கில் முழுதாகப் பேசும். யுனெஸ்கோ 1999இல் இந்த எழுத்துகளை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது நல்ல காரியம்தான். ஆனால், பெரியவரே, நீங்கள் எழுதாமல் விட்ட ஒலிகளைப் பதிவேடு எப்படிக் காப்பாற்றும்? அவற்றை எனக்காக வாய்விட்டுச் சொன்னீர்கள். நீங்கள் கொடுத்த சுண்ணாம்புக் குழல் என் மேசையில் இருக்கிறது.

பனாய் தீவுக்கு என்னால் போக முடியவில்லை. அங்கத்துச் சுகிதானோன் காவியங்களைப் பற்றித் தொலைபேசியில் மணிக்கணக்காகச் சொன்ன மாணவிக்கு நன்றி. வெளியார் கண்ணில் படாமல், தரையில் கால் படாமல் வளர்க்கப்பட்ட பினுகோத் பெண்கள்தான் அந்தக் காவியங்களை மனத்தில் வைத்துக் காத்தவர்கள். அந்த வழக்கத்தை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. ஆனாலும் அவர்கள் நினைவில் இருந்தது ஒரு முழு நூலகம் என்பதை அந்த மாணவிதான் எனக்கு உணர்த்தினாள். லனாவோ ஏரிக்கரை மரனாவ் மக்களின் தராங்கன் காவியம் 72,000 அடி என்று நான் எழுதியதைச் சரிபார்த்துக் கொடுத்த ஆசிரியருக்கும் நன்றி.

கடைசியாக, இஃபுகாவ் மலைப் பாட்டிக்கு. நான் முதல் முறை வந்தபோது அறுப்பிலும் சாவு வீட்டிலும் பாடும் ஹுட்ஹுட் என்னும் கதைப்பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டேன். "இப்போது அறுப்பும் இல்லை, சாவும் இல்லை. எதற்குப் பாட வேண்டும்?" என்று கேட்டீர்கள். பதிவுக்கருவியை வெளியே எடுத்ததற்கே நான் வெட்கப்பட்டேன். நீங்கள் என்னை வெறுங்கையோடு அனுப்பவில்லை. அடுப்படியில் உட்காரவைத்து, ஹன்னங்கா ஊர் அலிகுயோனும் அவன் பகைவன் பும்பக்காயோனும் ஈட்டி எறிந்து எறிந்து ஒருவரை ஒருவர் வெல்ல முடியாமல், கடைசியில் ஒருவர் தங்கையை மற்றவர் மணந்துகொண்ட கதையைச் சொன்னீர்கள்.

ஜூலையில் திரும்ப வந்தேன். ஆண்டுக்கு ஒரு முறை விளையும் தினாவோன் நெல் முற்றியிருந்தது. படிவயலில் வரிசையாகக் குனிந்த பெண்களுக்கு நடுவே நீங்கள் ஓர் அடியைத் தொடங்கினீர்கள். பழகிய ஒரு பெயர் வந்ததும் எல்லோரும் சேர்ந்து அந்த அடியை முடித்தார்கள். ஒரே மெட்டுதான், திரும்பத் திரும்ப. சலிக்கவே இல்லை. முழுதாகப் பாட நாள் கணக்கில் ஆகும் என்று படித்திருந்தேன். இரண்டு நாள் கேட்டேன். பாடிய பெண்களில் பாதிப் பேர் உங்கள் வயதுக்காரர்கள். இளையவர்கள் பலர் நகரத்தில் வேலை பார்க்கிறார்கள் என்று நீங்கள் சொன்னதை என் கட்டுரையில் எழுதினேன். பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேர் வரப்பில் உட்கார்ந்து உங்களோடு சேர்ந்து முணுமுணுத்ததையும் எழுதினேன்.

பாட்டி, நாங்கள் இப்போது ஊர் திரும்பிவிட்டோம். அடுத்த அறுப்புக்கு வருவதாக ஆத்தேவிடம் சொல்லியிருக்கிறேன், அவரும் கூட வருகிறார். எனக்கு அறுக்கத் தெரியாது. நெற்கட்டைச் சுமக்கிறேன். அலிகுயோன் பெயர் வரும்போது எங்கே சேர்ந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் கண்ணைக் காட்டுங்கள்.