"சார், டெர்மினல்ல வந்துச்சு!"

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எம்.பி.ஏ. கல்லூரிகளில் புளூம்பெர்க் டெர்மினல் (பங்கு விலையும் கம்பெனிக் கணக்கும் திரையில் தரும் கட்டணக் கணினிச் சேவை) வைத்து நிதி லேப் திறப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மெஷினின் பெருமையெல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் மாணவன் அதன் முன்னால் உட்கார்ந்து எதைக் கற்றுக்கொள்கிறான் என்ற இடம் வரும்போது கட்டுரை முடிந்துவிட்டது. பல வருஷமாக நிதிப் பாடம் நடத்துகிறவன் என்பதால் அந்த மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டெர்மினல் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வங்கிகளும் ஃபண்டுகளும் ஒரு இணைப்புக்கு வருஷம் 20 லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்குகிற சமாச்சாரம் அது, சும்மா கொடுக்க மாட்டார்கள். கம்பெனி பெயரைப் போட்டு எஃப்.ஏ. என்று தட்டிப் பச்சை விசையை அழுத்தினால் பல வருஷக் கணக்கு வரிசையாக வந்து நிற்கிறது, அதை அப்படியே எக்செலில் இறக்கிக்கொள்ளலாம். ஆண்டறிக்கைகளைத் தேடிப் பிடித்து ஒவ்வொரு எண்ணாகத் தட்டச்சு செய்த எங்கள் தலைமுறைக்கு இது பெரிய வரம்தான்.

சிக்கல் புராஜெக்ட் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில் தெரியும். சந்தை ஏறி இறங்கும்போது ஒரு பங்கு அதோடு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று காட்டும் எண்தான் பீட்டா. "இந்தப் பங்கின் பீட்டா 1.33 என்று போட்டிருக்கிறாயே, எப்படி வந்தது?" என்று கேட்டால் பதில், "சார், டெர்மினல்ல வந்துச்சு." அவ்வளவுதான். அது இரண்டு வருஷ வாராந்திர விலையை வைத்துப் போட்டது, எந்தச் சந்தைக் குறியீட்டோடு ஒப்பிட்டது என்பது திரையிலேயே எழுதியிருக்கிறது, வேண்டுமானால் மாற்றவும் செய்யலாம், யாரும் பார்ப்பதில்லை. அதைவிட முக்கியம், அங்கே வருவது நேரடியாகக் கணக்கிட்ட பீட்டா மட்டும் அல்ல, திருத்திய பீட்டாவும் கூடவே வரும். கணக்கிட்டதில் மூன்றில் இரண்டு பங்கு, அதோடு 1-இல் மூன்றில் ஒரு பங்கு, இரண்டையும் கூட்டுகிறார்கள். பீட்டாக்கள் காலப்போக்கில் 1-ஐ நோக்கி நகரும் என்று நிதித் துறை ஆய்வாளர் மார்ஷல் புளூம் 1970களில் காட்டியதன் அடிப்படையில் வந்த பழக்கம் இது. ஆக, உண்மையில் 1.5 வந்த பங்கு திரையில் 1.33 ஆகத் தெரிகிறது. மாணவன் அதை மூலதனச் செலவுக் கணக்கில் (பணம் போட்டவர்கள் எதிர்பார்க்கும் வருமான விகிதம்) போட்டு, அங்கிருந்து பங்கின் மதிப்பு என்று பைசா சுத்தமாக ஒரு எண்ணை எடுத்து வந்து நீட்டுகிறான்!

இதே மாதிரிதான் விலையும். இன்ஃபோசிஸ் 2018 செப்டம்பரில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் (வைத்திருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் இன்னொரு பங்கு இலவசம்) கொடுத்தது, அதற்கேற்பப் பழைய விலைகளையும் திருத்திவிடுவதால் 2017-இல் ஒரு நாள் பேப்பரில் வந்த விலையில் பாதிதான் இன்றைக்குத் திரையில் அந்தத் தேதிக்கு நேரே இருக்கும். பழைய ஆண்டறிக்கையில் உள்ள ஒரு பங்குக்கான லாபத்தை எடுத்து, திருத்திய விலையை அதால் வகுத்தால் பி/இ (லாபத்தைப் போல விலை எத்தனை மடங்கு என்ற விகிதம்) பாதியாகக் குறைந்து, பங்கு அடிமாட்டு விலையில் கிடைத்த மாதிரி தெரியும். தாய்க் கம்பெனியின் தனிக் கணக்கையும் துணைக் கம்பெனிகள் சேர்ந்த கன்சாலிடேட்டட் கணக்கையும் கலப்பது தனிக் கூத்து, அதை எழுதினால் கடிதம் நீண்டுவிடும்.

இன்னொன்று, எந்த மென்பொருளும் கம்பெனி சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லும். ஐ.டி. கம்பெனியான சத்யம் 2008 செப்டம்பர் கணக்கில் ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய் என்று காட்டியது. அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று 2009 ஜனவரி 7-ஆம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு தானே கடிதம் எழுதும்வரை எல்லா டேட்டாபேஸிலும் அந்த இருப்புதான் சுத்தமாக உட்கார்ந்திருந்தது. இவ்வளவு ரொக்கம் கையில் வைத்துக்கொண்டு எதற்காக, அது எந்த வங்கியில், என்ன வட்டிக்குக் கிடக்கிறது என்று கேட்கப் பழகுவதுதான் நிதிப் பகுப்பாய்வு. அதற்கு ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளைப் பொடி எழுத்தில் படித்தாக வேண்டும். எந்த விசையிலும் அது வராது.

சரி, லேபுக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், ஏசி ஓடும், பூட்டு மட்டும் கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும்போதுதான் திறக்கும். மாணவர் சேர்க்கைக்கான விளம்பரத்தில் மட்டும் அந்தக் கலர் விசைப்பலகை வருஷம் தவறாமல் வந்துவிடுகிறது.

இந்த வசதி இல்லாத கலைக் கல்லூரிப் பிள்ளைகள் ஏங்க வேண்டியதில்லை. தேசிய பங்குச் சந்தையின் தளத்தில் தினமும் எல்லாப் பங்குகளின் விலையும் 'பாவ் காப்பி' கோப்பாக இலவசமாகக் கிடைக்கிறது. மும்பை பங்குச் சந்தைத் தளத்தில் ஆண்டறிக்கைகள் இருக்கின்றன, வட்டி விகிதமும் கடன் பத்திர விவரமும் ரிசர்வ் வங்கியிடம் இருக்கின்றன. பீட்டாவை எக்செலில் ஸ்லோப் ஃபார்முலா போட்டு அரை மணியில் கணக்கிடலாம். ஒரு முறை அப்படிக் கையால் போட்டவன், பிறகு டெர்மினல் முன்னால் உட்கார்ந்தால் கேட்கிற கேள்வியே வேறாக இருக்கும்.

ஆனால் நம் தேர்வில் இன்னமும் 'எக்ஸ் லிமிடெட்' என்ற ஊர் பேர் தெரியாத கம்பெனியின் ஐந்து வரிக் கணக்கைக் கொடுத்து விகிதங்களைக் கேட்கிறோம். அதற்குப் பதிலாக நிஜ ஆண்டறிக்கையிலிருந்து இரண்டு பக்கம் அச்சிட்டுக் கொடுத்து, இதில் உனக்கு எது உறுத்துகிறது என்று ஒரு 15 மதிப்பெண் கேள்வி வைக்கலாமே? திருத்துகிற எங்களுக்குக் கஷ்டம் என்பதைத் தவிர வேறு தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் நிருபருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நிதி லேப் பற்றி எழுதும்போது எத்தனை டெர்மினல் என்பதோடு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அது மாணவர்களுக்குத் திறந்திருக்கிறது என்பதையும் கேட்டுப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நிதிப் பாட ஆசிரியர், கோவை