ஸ்னோமொபைல் ஓட்டுநர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பருவத்தில், ஸ்னோமொபைல் எனும் பனிவண்டிகள் ஓடும் தடங்களைச் செப்பனிடும் பணியும், புதியவர்களுக்கான பாதுகாப்பு வகுப்பும் குறைவின்றி நடந்தேறின.

கடந்த பொதுக்குழு என்னிடம் ஒப்படைத்த உடுப்புப் பதிவேட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. உயர்ரக ஜாக்கெட்டும், தோள்பட்டியோடு மார்புவரை ஏறும் பிப் பேண்டும் முன்போல் உழைப்பதில்லை என்று அனைவரும் புலம்பினோம். அதை எழுத்தில் கொண்டுவந்தால்தான் வாரண்டி கேட்கும்போது பேச்சு எடுபடும் என்பதால் பதிவேடு தொடங்கப்பட்டது. என்னிடம் வந்த ஒரு ஜாக்கெட் இரண்டாம் பருவத்தையே தாண்டவில்லை. வெளித்துணியில் ஒரு கீறல்கூட இல்லை. உட்புறத்தைத் திருப்பினால், நீர் புகாதிருக்கத் தோள் தையலை மூடி ஒட்டியிருந்த நாடா வெங்காயச் சருகுபோல் நகம் பட்டதும் உரிந்து வந்தது. பிப் பேண்டுகளில் பூட்ஸ் உரசும் கணுக்கால் உட்புறம்தான் முதலில் கிழிகிறது. என் பழைய பேண்டில் அவ்விடத்தில் தடித்த நைலான் ஒட்டுத்துணி இரட்டைத் தையலோடு இருக்கிறது; புதியதில் மெல்லிய துணி ஒன்றுதான், அதையும் எடைக்குறைவு என்று சொல்லி விற்கிறார்கள்.

எல்லாப் பழியையும் தயாரிப்பாளர் மேல் போடுவது நியாயமாகாது. ஃப்ளூரின் சேர்ந்த நீர்விலக்குப் பூச்சுகள் சிதையாமல் மண்ணிலும் நீரிலும் தங்கிவிடுவதால், கலிபோர்னியாவும் நியூயார்க்கும் 2025 ஜனவரி முதல் அவற்றை உடைகளில் சேர்க்க, சில விலக்குகளோடு, தடை விதித்துள்ளன. மாற்றுப் பூச்சு தண்ணீரை விலக்கும், எண்ணெயை விலக்காது. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினின் எண்ணெய்ப் புகையும் உடல் எண்ணெயும் படிந்த இடத்தில் வெளித்துணி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, நீரைத் தடுத்து வியர்வை ஆவியை வெளியே விடும் உட்சவ்வு நன்றாக இருந்தும் வியர்வை வெளியேறாமல் ஓட்டுநர் நனைந்துபோகிறார். அடிக்கடி துவைத்து, துணி மென்மையாக்கியைத் தவிர்த்து, பராமரிப்புக் குறிப்பு அனுமதிக்கும் மிதமான சூட்டில் உலர்த்தினால் பூச்சு பெரும்பாலும் மீளும். ஆனால் நாடா உரிவதற்கும் ஜிப் பல் விடுவதற்கும் எந்தச் சட்டமும் காரணமன்று. அது வேலைப்பாட்டின் குறை.

இது சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்டனர். வண்டி நடுத்தடத்தில் நின்றுவிட்டால், நனைந்த உடுப்போடு காத்திருப்பவரின் உடல் வெப்பம் மளமளவென்று இறங்கும் என்பதை அறிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். பதிவுச் சீட்டை எல்லா உறுப்பினருக்கும் அனுப்பினேன். நிரப்பித் தந்தவர் சிலரே, அவர்களிலும் பில்லை வைத்திருந்தவர் இன்னும் குறைவு. ஒரு தயாரிப்பாளருக்கு நாம் கூட்டாக எழுதிய கடிதத்துக்கு, ‘வழக்கமான தேய்மானம்’ என்ற ஒற்றை வரிப் பதிலே வந்தது. சான்று போதாமல் தோற்றது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய ஈடாகவே உள்ளன. கையிருப்பு சற்றுக் குறைந்ததற்குச் சந்தா பாக்கியே முதன்மைக் காரணம். உடனிருந்து உதவிய பொருளாளருக்கும், தடப் பணியாளர்களுக்கும், சீட்டு நிரப்பித் தந்த உறுப்பினர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில், தையல் நாடாவை நாமே திரும்ப ஒட்டிக்கொள்ள உதவும் சூட்டழுத்தக் கருவி ஒன்றை வாங்க எண்ணம் உள்ளது. கையிருப்பு அதற்கு இடங்கொடுக்கவில்லை. பாக்கி வைத்திருப்பவர்கள் பருவம் தொடங்குமுன் சந்தாவைச் செலுத்தி, பழுதான உடுப்பின் படத்தையும் பில் நகலையும் சீட்டோடு சேர்த்துத் தந்தால், அடுத்த கடிதத்தை இன்னும் வலுவாக எழுத முடியும்.

செயலாளர்